கேள்வி தெரிந்த சோதனை

பருத்திப்பட்டை அடுத்த ஆவடியில் டாங்கு செய்கிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே 1961-இல் வந்தது. அர்ஜுன் டாங்கை வடிவமைத்த போர் ஊர்திகள் ஆராய்ச்சி நிறுவனமும் அதே ஆவடியில்தான் இருக்கிறது. 1974-இல் அனுமதி பெற்ற அந்தத் திட்டம் எத்தனை பத்தாண்டுகளைச் சோதனையிலேயே கழித்தது என்பதைப் பலரும் பலவிதமாக எழுதியாயிற்று. எனக்கு இங்கே வேண்டியது அதில் ஒரு கட்டம் மட்டும். 2007-08-இல் ராஜஸ்தானில் அர்ஜுனுக்கு ஒரு சோதனை நடந்தது. ஒரு டாங்கு தன் ஆயுள் முழுக்க ஓடும் ஓட்டத்தையும் சுடும் குண்டுகளையும் சில மாதங்களுக்குள் அடக்கி, எந்தப் பாகம் எப்போது தேயும், எத்தனை உதிரிபாகம் கையிருப்பில் வைக்க வேண்டும் என்று கணக்கெடுக்கும் சோதனை அது. ராணுவத்தார் அதை விரைவுபடுத்திய பயன்பாட்டுச் சோதனை என்பார்கள். இருபது முப்பது வருஷம் சும்மா ஓட்டிப் பார்த்திருந்தால் பதில் இன்னும் நம்பகமாக இருந்திருக்கும்தான். ஆனால் அந்தப் பதில் வந்து சேரும்போது கேட்டவர் ஓய்வு பெற்றிருப்பார், டாங்கும் காயலான் கடைக்குப் போயிருக்கும். சோதனையைச் சுருக்கியவர்கள் அதன் தரத்தைக் குறைத்ததாக யாரும் குற்றம் சொல்லவில்லை. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருந்ததால்தான் அவர்களால் சுருக்க முடிந்தது.

கணினி இயங்குதளத்தின் மையமான கெர்னலைச் சோதிப்பவர்கள் இந்த இடத்துக்கு வந்து சேரத் தயங்குகிறார்கள். லினக்ஸ் கெர்னலில் ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பதின்மூன்றாயிரம், பதினான்காயிரம் மாற்றங்கள். இது போக, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பழைய பதிப்புகளுக்கான திருத்தத் தொகுப்புகள் ஏறக்குறைய வாரந்தோறும் வெளியாகின்றன. அந்தத் தொகுப்பைப் பொதுப் பார்வைக்கு வைத்து, குறை இருந்தால் சொல்லுங்கள் என்று அதன் பொறுப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் தரும் அவகாசம் வழக்கமாக 48 மணி நேரம். அறுபது மணி நேரம் ஓடும் சோதனைத் தொகுப்பு எவ்வளவு முழுமையானதாக இருந்தாலும் அந்த 48 மணி நேரத்துக்குள் வாய் திறக்காது. பிழை ஒன்று தெரியவந்த பிறகும் இதே கணக்குதான். பதினான்காயிரம் மாற்றங்களில் எது குற்றவாளி என்று பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடினால் பதினான்கு சுற்றில் ஆள் அகப்படுவான். ஒரு சுற்றுக்கு எட்டு மணி நேரம் என்றால் 112 மணி நேரம், ஏறத்தாழ ஐந்து நாள். இரண்டு நிமிடம் என்றால் கெர்னலைக் கட்டும் நேரம் போக அரை மணி. ஐந்து நாள் ஆகும் என்றால் பல அலுவலகங்களில் அந்தத் தேடலைத் தொடங்கவே மாட்டார்கள். உத்தேசமாக ஒரு மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள்.

நெடுநேரம் ஓடும் சோதனைக்கு நம் துறையில் ஒரு மரியாதை இருக்கிறது. இரவு முழுக்க ஓடியது, எல்லாம் பாஸ் என்று சொன்னால் கேட்பவருக்கு ஒரு நிம்மதி. என் வாதம் இதற்கு நேர் எதிர். ஒரு கெர்னல் சோதனை அதிக நேரம் எடுத்தால், தான் எதைக் கேட்கிறோம் என்பது அதற்கே தெளிவாகத் தெரியவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். கேள்வியைக் கூர்மையாக்கினால் வேகம் பின்னாலேயே வரும். வேகமா, முழுமையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பேச்சு, பிரச்சினையைத் தவறான இடத்தில் வைக்கிறது.

மிகச் சின்ன உதாரணத்திலிருந்து தொடங்கலாம். எல்டிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட், எஸ்ஜிஐ நிறுவனம் தொடங்கி, பிறகு ஐபிஎம், ஃபுஜிட்சு, சூஸே, ரெட் ஹாட் எனப் பல கை மாறி வளர்ந்த சோதனைத் தொகுப்பு. அதன் பழைய நிரல்களில் அடிக்கடி ஒரு காட்சியைக் காணலாம். ஒரு ப்ராசஸ் இன்னொன்றை உருவாக்குகிறது. உருவான குழந்தை, கெர்னலுக்குள் ஏதோ ஒன்றுக்காகக் காத்துத் தூங்க வேண்டும். தூங்கிய பிறகுதான் தாய் அதற்கு ஒரு சிக்னல் அனுப்பி, ஒழுங்காக விழிக்கிறதா என்று பார்க்க முடியும். குழந்தை தூங்கிவிட்டதா என்று தாய்க்கு எப்படித் தெரியும்? எழுதியவர் அங்கே ஸ்லீப் 1 என்று ஒரு வரி போட்டுவிட்டார். ஒரு நொடி கொடுத்தால் போதும் என்ற நம்பிக்கை. வேகமான கணினியில் குழந்தை ஒரு மில்லி நொடிக்குள் தூங்கிவிடும், மீதி 999 மில்லி நொடி வீண். வேலைப்பளுவில் மூச்சு முட்டும் கணினியிலோ ஒரு நொடிக்குள் அது தூங்கவே போயிருக்காது. சிக்னல் முன்னதாக வந்து சோதனை தோற்கும். கெர்னலில் பிழை இல்லாமலே சிவப்பு விளக்கு எரியும். ஆக, அந்த ஒரு வரி ஒரே சமயத்தில் மெதுவானதும் தவறானதும் ஆகிறது. இதற்கு எல்டிபி கண்ட மாற்று எளிமையானது. ப்ராக் கோப்பில் அந்தக் குழந்தையின் நிலை, தூக்கத்தைக் குறிக்கும் எஸ் என்று மாறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாறிய கணமே சிக்னலை அனுப்புவது. இதனால் நேரம் மிச்சம், பொய்த் தோல்வியும் போயிற்று. ஸ்லீப் வரியை எழுதியவர் கேட்ட கேள்வி, ஒரு நொடி ஆயிற்றா என்பது. அவர் கேட்டிருக்க வேண்டியது, குழந்தை தூங்கிவிட்டதா என்பது. ஆயிரக்கணக்கான சோதனைகளில் இப்படி ஒன்றிரண்டு நொடி ஒளிந்திருந்தால் மொத்தத்தில் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, உண்மையிலேயே காலம் தேவைப்படும் பிழைகள் இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குக் கெர்னலுக்குள்ளேயே ஓர் அழகான பதில் உட்கார்ந்திருக்கிறது. கணினி தொடங்கியதிலிருந்து எத்தனை துடிப்பு ஆயிற்று என்று லினக்ஸ் ஜிஃபீஸ் என்ற எண்ணில் கணக்கு வைக்கிறது. 32 பிட் கணினியில், நொடிக்கு ஆயிரம் துடிப்பு என்று வைத்தால், அந்த எண் 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும். திரும்பும் அந்தக் கணத்தில் 'இது அதற்கு முன்பா, பின்பா' என்று அசட்டையாக ஒப்பிடும் நிரல்கள் எல்லாம் குழம்பும். விண்டோஸ் 95 இதே 49 நாள் கணக்கில் உறைந்துபோனது பிரசித்தம். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், போயிங் 787 விமானத்தின் மின்னாக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஒரேயடியாக அணைந்துவிடக்கூடும் என்று எச்சரித்ததும் இதே குடும்பத்துப் பிழைதான். ஐம்பது நாள் ஓடும் சோதனையை யார் எழுதுவார்கள், எழுதினாலும் யார் ஓட்டுவார்கள்? லினக்ஸ்காரர்கள் செய்தது, அந்த எண்ணைப் பூஜ்யத்தில் தொடங்காமல், தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் நிரம்பும்படி முன்தள்ளி வைத்தது. உலகில் ஓடும் ஒவ்வொரு 32 பிட் லினக்ஸும் பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் அந்த ஆபத்தான கணத்தைக் கடக்கிறது. ஐம்பது நாள் சோதனை ஐந்து நிமிடமாயிற்று; அதுவும் எல்லோர் மேசையிலும், கூலியில்லாமல். பிழை வருவது நாள்கள் ஓடுவதால் அல்ல, எண் நிரம்புவதால் என்று யாரோ ஒருவர் சரியாகக் கேட்டதன் பலன் இது. இதேபோல், நினைவகம் தீர்ந்துபோனால் கெர்னல் என்ன செய்யும் என்று பார்க்க நினைவகத்தை மணிக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட இடத்தில் 'இடமில்லை' என்று பொய் சொல்ல வைக்கும் ஏற்பாடு 2007-லிருந்தே கெர்னலில் இருக்கிறது.

இதுவரை சொன்னது எளிய பாதி. கடினமான பாதியைப் பார்க்க 2023 நவம்பர் கடைசிக்குப் போக வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான ஒரு திருத்தத்தைப் புதிய கெர்னலிலிருந்து பழைய வரிசைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அது தனக்கு முன்னால் வந்த இன்னொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. அந்த முன்னோடி பழைய வரிசைகளில் இல்லை. விளைவு, நேரடி எழுத்து முறையில் கோப்பில் ஒரு துண்டை எழுதிய பிறகு, அடுத்த துண்டு எங்கே எழுதப்பட வேண்டும் என்ற இடக்குறி நகரவில்லை. இரண்டாவது துண்டு முதல் துண்டின் தலைமேலேயே போய் உட்கார்ந்தது. தரவு அழிந்தது, அதுவும் சத்தமில்லாமல். 5.15 வரிசையில் மறுபார்வைக்கு விட்ட தொகுப்பை லினாரோ நிறுவனம் ஓட்டிப் பார்த்தபோது, எல்டிபியின் பிரீட்வி03 என்ற சின்னச் சோதனை தோற்றது. அது சொன்னது ஒரே வரி: பூஜ்யமாவது இடத்தில் 61 இருக்க வேண்டும், 62 இருக்கிறது. 61 என்பது ஏ எழுத்தின் பதினாறடிமான எண், 62 என்பது பி. சோதனை முதல் துண்டு முழுக்க ஏ, இரண்டாம் துண்டு முழுக்க பி என்று எழுதியிருந்தது. படித்தபோது முதல் துண்டில் பி. இதைவிடச் சுருக்கமாக ஒரு பிழையறிக்கை இருக்க முடியாது. படித்த நிபுணருக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும். 5.15 தப்பியது. ஆனால் 6.1.64 என்ற பதிப்பு அதே திருத்தத்தோடு வெளியாகிவிட்டது. டெபியன் 12.3 வெளியிடும் நாளன்று விஷயம் புரிந்து, அந்தப் பதிப்பை நிறுத்திவிட்டு, டிசம்பர் 10 அன்று திருத்திய கெர்னலோடு 12.4 என்று வெளியிட்டார்கள். இது எங்கோ ஐரோப்பாவில் நடந்த சங்கதி என்று தள்ளிவிட முடியாது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் மீது கட்டப்பட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகள் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. டெபியனின் கெர்னலில் நுழைகிற ஒரு பிழைக்கு நம் ஊர்ப் பள்ளிக்கூடம் அதிக தூரமில்லை.

இந்தச் சம்பவம் என் வாதத்துக்குச் சாட்சி சொல்கிறது, கூடவே அதற்கு எதிராகவும் சொல்கிறது. பிரீட்வி என்பது கோப்பிலிருந்து படிப்பதற்கான சிஸ்டம் கால். அகப்பட்டதோ எழுதுவதில் இருந்த பிழை. சோதனையின் முன்னேற்பாட்டில், படிப்பதற்குத் தேவையான கோப்பை எழுதி வைக்கும் கட்டத்தில்தான் அது தலைகாட்டியது. குறிவைத்துச் சோதிப்பதை எதிர்ப்பவர் இங்கே எழுந்து நிற்பார். எக்ஸ்ட்4-இன் எழுத்துப் பகுதியில் மாற்றம் என்றால், உங்கள் கூர்மையான தேர்வு எழுத்துச் சோதனைகளை மட்டும்தானே எடுத்திருக்கும், படிக்கும் சோதனையை விட்டிருக்குமே, கெர்னலில் எல்லாம் எல்லாவற்றோடும் பின்னிக் கிடக்கிறது, ஆகவே எல்லாவற்றையும் ஓட்டு என்பார். அவர் சொல்வதில் முதல் பாதி உண்மை. பெயரைப் பார்த்துச் சோதனையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துதான் போவோம். ஆனால் பெயர் ஒரு லேபிள் மட்டுமே. சோதனை ஓடும்போது கெர்னலின் எந்தெந்த வரிகளைத் தொடுகிறது என்பதைக் கெர்னலிடமே கேட்டு வாங்கலாம். ஜிகவ் ஏற்பாடு 2009-லிருந்தும், கேகவ் 2016-லிருந்தும் உள்ளே இருக்கின்றன. அந்த வரைபடத்தை ஒருமுறை எடுத்து வைத்திருந்தால், எக்ஸ்ட்4 நேரடி எழுத்துப் பாதையில் ஒரு வரி மாறியதும் அந்தப் பாதையை மிதிக்கும் சோதனைகளின் பட்டியலில் பிரீட்வி03 தானாக வந்து நிற்கும். கூர்மை என்பது ஊகித்துக் கழிப்பதல்ல, அளந்து தேர்வது.

இன்னொன்றையும் அந்தச் சம்பவம் காட்டுகிறது. பிரீட்வி03 ஒரே கோப்பு முறைமையில் ஓடுவதல்ல. எல்டிபியில் சில சோதனைகளுக்கு எல்லாக் கோப்பு முறைமைகளிலும் ஓடு என்று ஒரு கொடி உண்டு. எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், விஃபேட் முதலான ஒவ்வொன்றையும் ஒரு போலி வட்டில் புதிதாக ஃபார்மட் செய்து, ஏற்றி, ஓட்டி, இறக்க வேண்டும். 300 மெகாபைட்டுக்குக் குறைந்தால் எக்ஸ்எஃப்எஸ் ஃபார்மட் செய்யவே மறுக்கிறது என்பதால் அந்தப் போலி வட்டின் அளவையும் உயர்த்த நேர்ந்தது. உள்ளே நடக்கும் சோதனை கண்சிமிட்டும் நேரம்தான். சுற்றியுள்ள சடங்குதான் நேரத்தைத் தின்கிறது. இதைப் பார்த்துவிட்டுக் கொடியைப் பிடுங்கு என்று சொல்வது அவசரம். நேரடி எழுத்து ஒவ்வொரு கோப்பு முறைமையிலும் வேறு வேறு நிரல் வழியாகப் போகிறது. எனவே பிரீட்வி03-க்கு அந்தச் சடங்கு தேவை, அது பலனும் கொடுத்தது. ஆனால் மேல்தட்டிலேயே வேலை முடிந்துவிடும், கோப்பு முறைமையை எட்டிப் பார்க்காத சோதனைக்கும் அதே கொடியைக் கட்டியிருந்தால், ஒரே கேள்வியை ஏழெட்டு முறை கேட்டு ஒரே பதிலை ஏழெட்டு முறை வாங்குகிறோம். எது எந்த ரகம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அலுப்பான வேலை, குறுக்கு வழி இல்லை.

முழுமை வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு சான்றையும் காட்டலாம். கணினி திடீரென அணைந்தால் கோப்புகள் என்னாகும் என்பது கோப்பு முறைமைகளின் பழைய தலைவலி. எத்தனை விதமான செயல்வரிசைகளுக்குப் பிறகு, எந்தெந்தக் கணத்தில் மின்சாரம் போகலாம் என்று எண்ணினால் எல்லையே இல்லை. டெக்சாஸ் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் ஜெயஸ்ரீ மோகன், விஜய் சிதம்பரம் உள்ளிட்டோர் 2018-இல் ஓஎஸ்டிஐ மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லையின்மைக்கு முன்னால் மலைத்து நிற்கவில்லை. முந்தைய ஐந்தாண்டுகளில் பதிவான 26 பிழைகளை எடுத்து வைத்து ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றை வரவழைக்கப் புதிதாக ஃபார்மட் செய்த சின்ன வட்டும், மூன்றோ அதற்குக் குறைவோ ஆன செயல்களும் போதும். எஃப்சிங்க் போல வட்டில் எழுதி முடி என்ற கட்டளைக்குப் பிந்தைய கணங்களை மட்டும் பார்த்தால் போதும் என்று கண்டார்கள். இந்த வேலிக்குள் அடங்கும் அத்தனை வரிசைகளையும், முப்பத்து மூன்று லட்சத்துக்கு மேல், ஒன்று விடாமல் ஓட்டினார்கள். 65 கணினிகளில் இரண்டு நாள் ஆயிற்று. பழைய 26-இல் 24 அகப்பட்டன. புதிதாகப் பத்துப் பிழைகள் கிடைத்தன. அவற்றில் ஏழு 2014-லிருந்து கெர்னலில் குடியிருந்தவை. கணித முறையில் சரிபார்க்கப்பட்ட எஃப்எஸ்சிக்யூ என்ற கோப்பு முறைமையில்கூட ஒன்று சிக்கியது. இதில் கவனிக்க வேண்டியது, வேலியைப் போட்டது முழுமைக்கு இடைஞ்சலாக இல்லை என்பது. எல்லையைக் குறித்த பிறகுதான் அதற்குள் முழுமை என்ற சொல்லுக்கே பொருள் வந்தது. எல்லையில்லாத தொகுப்பை எத்தனை வாரம் ஓட்டினாலும் அது எதை முடித்தது, எதை விட்டது என்று சொல்ல முடியாது. வேலிக்கு வெளியே இரண்டு பிழைகள் தப்பின என்பதையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. அவற்றைப் பிடிக்க எல்லையை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று பேசவாவது முடிகிறது.

எண்ணிக்கையின் மேல் நம்பிக்கை வைத்தவர்கள் டர்ட்டி கவ் விவகாரத்தை மறக்கக்கூடாது. 2007-இல் 2.6.22 பதிப்போடு வந்த அந்த ஓட்டை 2016 அக்டோபர் வரை இருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர், தனக்கு எழுதும் உரிமையே இல்லாத கோப்பில் எழுதி, ரூட் அதிகாரத்தைக் கைப்பற்ற அது வழிவிட்டது. அதன் வேரான பிழையைப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பே தான் அடைக்க முயன்று சரியாகச் செய்யவில்லை என்று லினஸ் டோர்வால்ட்ஸே திருத்தக் குறிப்பில் எழுதினார். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் உலகம் முழுக்க எத்தனை இரவுகள் எத்தனை சோதனைத் தொகுப்புகள் ஓடியிருக்கும்! எல்லாம் பச்சை. காரணம், அது இரண்டு இழைகள் ஒரு நூலிழை நேரத்தில் மோதினால் மட்டும் வெளிப்படும் பிழை. ஒன்று நினைவகப் பக்கத்தைத் தேவையில்லை என்று கைவிட, அதே கணத்தில் இன்னொன்று அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். பொதுவாக எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கும் சோதனை அந்த மோதலை எத்தனை இரவு ஓடினாலும் சந்திக்காது. அந்த இரண்டையும் மட்டும் எதிரெதிரே விட்டு மோத வைக்கும் குட்டி நிரல் நொடிகளில் சந்திக்கும். டர்ட்டி கவ்வுக்கான சோதனை இப்போது எல்டிபியில் இருக்கிறது. இப்படிப்பட்ட மோதல்களுக்கென்றே அங்கே ரிச்சர்ட் பேலதார்ப் எழுதிய ஒரு நூலகம் உண்டு. கோடி முறை சுற்று, எப்போதாவது மோதும் என்று அதிர்ஷ்டத்தை நம்பாமல், முதல் சில சுற்றுகளில் இரண்டு இழைகளும் எப்போது தொடங்கி எப்போது முடிகின்றன என்று அளக்கிறது. அவை எந்த இடைவெளிக்குள் மோத முடியும் என்று கணக்கிட்டு, அந்த இடைவெளிக்குள் மட்டும் தாமதத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறது.

கணினி மலிவு, ஆயிரம் இயந்திரத்தில் ஒரே நேரத்தில் பிரித்து ஓட்டு, எதற்கு இந்த மெனக்கெடல் என்பது அடுத்த ஆட்சேபம். மேகக் கணினியில் மெய்நிகர் இயந்திரங்களைக் கொத்தாக எழுப்பி, கோப்பு முறைமைச் சோதனைகளைப் பிரித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், பலன் உண்டு. ஆனால் ஒரே கெர்னலுக்குள் இணையாக ஓட்டுவது பயன்பாட்டு மென்பொருளில்போல எளிதல்ல. ஒரு சோதனை கணினியின் கடிகாரத்தைத் திருப்பும், இன்னொன்று நினைவகத்தை முழுக்க விழுங்கும். பக்கத்தில் ஓடுவது இவற்றால் தோற்றால் அது யார் குற்றம்? ஆளுக்கொரு இயந்திரம் கொடுத்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், தோல்விகளைப் படிக்கும் மனிதர்களை அப்படிப் பெருக்க முடியாது. காரணமில்லாமல் சில நாள் தோற்று, சில நாள் ஜெயிக்கும் சோதனை பத்து இருந்தால், அவற்றின் சிவப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் பதினோராவதாக வரும் உண்மைச் சிவப்பையும் தாண்டிப் போகும். இன்னொரு ஆட்சேபத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும். கூகுளின் சிஸ்காலர் போன்ற கருவிகள் கண்டபடி சிஸ்டம் கால்களை வீசி ஆயிரக்கணக்கில் பிழை பிடிக்கின்றனவே, அதில் என்ன குறி இருக்கிறது என்று கேட்கலாம். அது கண்டபடி வீசுவதல்ல. எந்த வீச்சு புதிய நிரல்வரியைத் தொட்டதோ அதைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து மேலே போகிறது. பிழை சிக்கியதும், அதை வரவழைக்கும் மிகச் சின்ன நிரலாகச் சுருக்கியும் தர முயல்கிறது. அந்தச் சின்ன நிரல் இல்லாமல் வரும் அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தீண்டுவாரின்றிக் கிடப்பதை அந்தப் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

ஆகவே ஒரு தொகுப்பை எப்படி அடுக்குவது என்பதில் பெரிய மர்மம் இல்லை. செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 5.5 பதிப்பில் கெர்னலுக்குள் வந்த கேயூனிட், கெர்னலின் ஒரு துண்டை வன்பொருளே இல்லாமல் சாதாரண நிரல்போல ஓட்டி நொடிகளில் பதில் சொல்கிறது. கோப்பு முறைமைக்காரர்களின் எக்ஸ்எஃப்எஸ் டெஸ்ட்ஸ் தொகுப்பில் அரை நிமிடத்துக்குள் முடிபவை க்விக் என்று தனிக் குழுவாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. மாற்றத்தை எழுதுபவருக்கு உடனே இவை. பொறுப்பாளரிடம் போகும் முன் மாற்றம் தொடும் பாதைகளை மிதிப்பவை. வாரக் கடைசியில் எல்லாமும். முழு ஓட்டத்தைக் கைவிடச் சொல்லவில்லை. முழு ஓட்டத்தில் ஒரு பிழை சிக்கினால், அடுத்த முறை அதை உடனடிக் குழுவிலேயே பிடிக்கும் ஒரு சின்னச் சோதனையை எழுதாதவரை அந்த வேலை முடியவில்லை என்றுதான் சொல்கிறேன். எல்டிபியில் பல சோதனைகள் தோற்கும்போது, இந்தக் கமிட் உன் கெர்னலில் விடுபட்டிருக்கலாம் என்று திருத்தத்தின் அடையாளத்தையும் அச்சிடுகின்றன. தோற்றவனுக்கு வழிசொல்லிவிட்டுத் தோற்கும் சோதனை, ஐம்பது ஊமைச் சோதனைகளுக்குச் சமம்.

தொழில்நுட்பத்தில் இவ்வளவு வழி இருந்தும் தொகுப்புகள் ஏன் ஊதிக்கொண்டே போகின்றன? காரணம் அலுவலகத்தில் இருக்கிறது. சோதனையைச் சேர்த்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. நீக்கியவரைத்தான், அடுத்த மாதம் ஏதாவது உடைந்தால், கூப்பிட்டு விசாரிப்பார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பழைய பட்டறைகள் இருந்த இடத்தில் எழுந்த ஐடி கட்டடங்களில் சோதனை வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அங்கே வாராந்தர அறிக்கையில் கேட்கப்படும் முதல் எண், மொத்தம் எத்தனை டெஸ்ட் கேஸ், எத்தனை பாஸ் என்பதுதான். இந்தச் சோதனை கடைசியாக எப்போது ஓர் உண்மையான பிழையைப் பிடித்தது, எத்தனை முறை பொய்யாகத் தோற்றது, பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்கும் பத்தி அந்த எக்செல் தாளில் இல்லை. அந்த மூன்று பத்திகளைச் சேர்த்தாலே, எதை நீக்குவது என்ற முடிவு ஒருவர் தலையில் விழும் பழியாக இராமல் எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்காகிவிடும். வருஷக்கணக்கில் எதையும் பிடிக்காத சோதனையை உடனே அழிக்க வேண்டும் என்றில்லை. அது காக்கும் பாதையை வேறு எதுவும் காக்கவில்லை என்றால் இருக்கட்டும். காக்கிறது என்றால் போகட்டும்.

பூந்தமல்லி–ஆவடி சாலையை ஒட்டியுள்ள பொறியியல் கல்லூரிகளில் இயங்குதளப் பாடம் எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இன்னொரு வருகைப்பதிவு ஆப் வேண்டாம். எல்டிபியின் நிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஸ்லீப் வரி இருக்கும் ஒரு பழைய சோதனையை மாணவர் கையில் கொடுத்து, இது எதற்காகக் காத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கண்டுபிடித்து அந்த வரியை எடுத்தவருக்கு ஷெட்யூலரும் சிக்னலும் பாடப்புத்தகம் சொல்லித் தருவதைவிட நன்றாகப் புரிந்திருக்கும்.